ஓட்டியவர் பெயர்

1

இந்த மாதத்தோடு நான் ஆஸ்திரேலியா வந்து ஆறு வருஷம். ஊர் பெர்த். நம்ம ஊர்ச் சபை இதழுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பாஸ்டர் இரண்டு தரம் போனில் கேட்டுவிட்டார். நான் எட்டாவதோடு நின்றவன். பதினாறு வருஷம் தங்கச் சுரங்கத்தில் இறங்கினேன். சுரங்கம் மூடிய பிறகு ராபர்ட்சன்பேட்டைக்கும் பங்காருப்பேட்டைக்கும் டெம்போ ஓட்டினேன். அப்புறம் பெங்களூரில் வாட்ச்மேன். எழுதுகிற வேலை எதிலும் இருந்ததில்லை.

வெளிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கடல், கட்டடம், கங்காரு என்று எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது ரோடு. அதுவும் வீட்டில் இருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் இருந்து கடை, கடையில் இருந்து வீடு. அதை எழுதுகிறேன். நடுவில் ஒரு கடிதம் வந்தது. அதையும் எழுத வேண்டியதாகிவிட்டது.

என் மகள் ஷீலா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் ஜெயராஜ் எலக்ட்ரீஷியன். விமானத்தில் போய் தூரத்தில் ஒரு இரும்புச் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, பிறகு வீட்டில் ஒரு வாரம். பேத்தி ரேச்சலுக்கு ஒன்பது வயது. என் மனைவி போன பிறகு தனியாகக் கிடக்க வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

இங்கேயும் வண்டி இடது பக்கம்தான் போகிறது. அதனால் லைசென்ஸ் சுலபம் என்று நினைத்தேன்.

லைசென்ஸ் ஆபீசில் ஃபாரம் கொடுத்தார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம்ம ஊர் லைசென்சில் டி. தேவநேசன் என்று இருக்கிறது. டி என்றால் என்ன என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். டேனியல், அப்பா பெயர் என்றேன். முன்னால் இருப்பது முதல் பெயர், பின்னால் இருப்பது கடைசிப் பெயர் என்று ஏற்றிவிட்டாள். மாற்ற வேண்டும் என்றால் ஊரில் இருந்து என்னென்னவோ பத்திரம் கேட்டார்கள். விட்டுவிட்டேன். இந்த நாட்டில் என் பெயர் டேனியல்.

டெஸ்ட் எடுக்க வந்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "டேனியல், இடது பக்கம் திரும்பு" என்றார் இங்கிலீஷில். நான் நேராகப் போனேன். அடுத்த முனையிலும் டேனியல் என்றார். அதற்கும் நேராகப் போனேன். அப்பா செத்து முப்பது வருஷம் ஆகிறது. அவர் சைக்கிள்கூட ஓட்டினவர் இல்லை. என்னைத்தான் சொல்கிறார் என்று பிடிபடுவதற்குள் இரண்டு ரோடு போய்விட்டது. அடுத்து ரவுண்டானா வந்தது. நான் வருகிறேன் என்று சொல்ல ஒரு ஹார்ன் அடித்தேன். டெம்போவில் அடிக்காமல் போனால்தான் தப்பு. அவர் பேனாவை மூடிவிட்டார்.

இரண்டாவது டெஸ்ட் ஒரு மழைநாள். காலை பத்து மணிக்கே இருட்டு. விளக்கைப் போடு என்றார், போட்டேன். சுரங்கத்தில் எங்கள் தொப்பியில் விளக்கு இருக்கும். எதிரே ஆள் வந்தால் அவன் கண்ணில் அடிக்கக் கூடாது. தலையைத் திருப்புவோம், இல்லை என்றால் கையால் மூடிக்கொள்வோம். அடித்தால் சண்டை வரும். எனக்கு அது கையிலேயே ஊறிப்போனது. எதிரே கார் வந்தபோதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, அது போன பிறகு போட்டேன். நாலாவது காருக்கு அவர் ஏன் அணைக்கிறாய் என்று கேட்டார். மரியாதை என்றேன். ஓரமாக நிறுத்தச் சொன்னார். திரும்பி வரும்போது அவரே ஓட்டினார்.

அன்று சாயங்காலம் ரத்தினம் போன் பண்ணினான். ரத்தினம் என் கூட்டாளி. நந்திதுர்க் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கினவர்கள். இப்போதும் அங்கே சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டின லைன் வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. மூன்று சக்கர ஸ்கூட்டர் வைத்திருக்கிறான்.

"இன்னாடா தேவா, பாஸா?"

"இல்ல."

"ரெண்டாவது தபாவும் பெயிலா?"

"ஆமா."

"ரெண்டு காலு வெச்சிகினு உனுக்கு இத்தினி டெஸ்ட்டு. நா ஒத்தக் காலுல பூதிகோட்டை வரிக்கும் போய் வந்துகினு கீறன். எவன் கேட்டான்?"

"உனுக்கு லைசென்ஸ் கீதா?"

"போலீசு கேட்டான். கால காட்னேன். போங்க அண்ணான்னுட்டான்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் காலைப் பற்றி அவனே சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வராது. காரணம் பின்னால் வரும்.

மூன்றாவது டெஸ்டில் பாஸ். ஷீலா தன் காரின் இரண்டாவது சாவியை என்னிடம் கொடுத்தாள். அதில் மாட்ட ஒன்றும் இல்லை. ஊரில் இருந்து பெட்டியில் கொண்டுவந்த பித்தளை டோக்கன் ஒன்று இருந்தது. சுரங்க டோக்கன். நடுவில் ஓட்டை, கீழே நம்பர். அதை மாட்டினேன்.

3

எனக்கு வேலை ரேச்சலைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கூட்டி வருவது. கடைக்குப் போவது. அவ்வளவுதான்.

நான் மெதுவாக ஓட்டுவேன். ஐம்பது என்று போட்டிருந்தால் நாற்பத்தைந்து. ஸ்டாப் என்று எழுதியிருந்தால் நிற்பேன். ரோடு காலியாக இருந்தாலும் நின்று மூன்று எண்ணுவேன். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டை கேஜ் என்போம். மணி அடித்தால்தான் கேஜ் நகரும். உள்ளே நிற்பவனுக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் மணி அடிக்காமல் நகராது. அது நல்ல ரூல். ஒரு நாள் ஸ்டாப்பில் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த ஆள் இறங்கி வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

வந்த புதிதில் இன்னொன்று நடந்தது. சின்ன ரோட்டில் நான் ஒதுங்கி வழி விட்டால் எதிரே வருகிறவர்கள் கையைத் தூக்குவார்கள். ஒரு வாரம் பார்த்தேன். வீட்டில் சொன்னேன்.

"ஷீலா, இங்க நெறைய பேருக்கு என்னத் தெரியுதும்மா. கை காட்டறாங்க."

அவள் சிரித்து சிரித்து சோபாவில் சாய்ந்துவிட்டாள். அது தேங்க்ஸ் சொல்வதாம். யாரென்றே தெரியாதவர்களுக்கும் சொல்வார்களாம். அவள் அப்படிச் சிரித்து அப்புறம் நான் பார்க்கவில்லை. வேலை அதிகம்.

ரேச்சல் பின் சீட்டில் உட்கார்ந்து சிக்னலைப் பார்த்துக்கொண்டே வருவாள். பச்சை விழுந்ததும், "தாத்தா, கிரீன்" என்பாள். நாலு வயதில் "தாத்தா, பச்ச" என்று சொன்னவள். எந்த வருஷம் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷத்தில் என் பெயரில் ஒரு புள்ளி கூட இல்லை. இங்கே ரூல் மீறினால் பணம் கட்டுவது மட்டும் அல்ல, ஒவ்வொரு தப்புக்கும் புள்ளி ஏறும். பன்னிரண்டு ஏறினால் லைசென்சைப் பிடுங்குவார்கள். ஷீலாவுக்குப் போன வருஷமே பன்னிரண்டு ஆகிவிட்டது. எல்லாம் சின்னச் சின்ன ஸ்பீடு, எல்லாம் வேலைக்குப் போகிற அவசரம். இனி ஒரு வருஷம் ஒழுங்காக ஓட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து லைசென்சைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அந்த ஒரு வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் தண்டனை இரட்டிப்பு. ஆறு மாதம் வண்டியைத் தொடக் கூடாது.

கடிதம் வந்தபோது அந்த ஒரு வருஷம் முடிய ஏழு வாரம் இருந்தது.

4

போலீசில் இருந்து வந்த கடிதத்தில் ஒரு போட்டோ. ஷீலாவின் கார், சிக்னல் கேமரா பின்பக்கத்தில் இருந்து எடுத்தது. மேலே சிக்னல் சிவப்பு. ஓட்டுகிறவர் முகம் தெரியவில்லை. கீழே ஒரு ஃபாரம். இந்த நேரத்தில் இந்த வண்டியை ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் நம்பர், கையெழுத்து. பொய் எழுதினால் குற்றம் என்று அடியில் சின்ன எழுத்து.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. எனக்குக் காய்ச்சல். ஷீலா அன்றைக்கு இன்னொருத்திக்குப் பதிலாக ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ரேச்சலைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தூக்கத்தில் மஞ்சளைப் பார்த்தாள், சிவப்பைப் பார்க்கவில்லை.

அவள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீ எப்போதும் நான்தான் போடுவேன்.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"உங்க லைசென்ஸ்ல ஒண்ணியும் இல்ல. மூணு பாயின்ட் ஏறினா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

நான் டீயைக் குடித்தேன்.

"அது நீங்க ஓட்ட வேண்டிய டிரிப்பு தானப்பா. காய்ச்சல் இல்லன்னா நீங்கதான் போயிருப்பீங்க."

"நா போவலியே."

"போவல. தெரியும். யாரு பாத்தா?"

"ரேச்சல் வண்டில இருந்தா."

"அவகிட்ட நா சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம்பா. காலைல ஏழு மணிக்கு ஷிப்டு. நம்ம ஏரியாவுல அந்த நேரத்துக்கு பஸ்ஸு கூட கெடையாது. ஷிப்ட மாத்திக் கேட்டா வேற ஆளப் போட்டுக்குவாங்க. வீட்டு லோன் எப்படிக் கட்டறது?"

"யோசிக்கறேன்" என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெயராஜ் சுரங்கத்தில் இருந்து போன் பண்ணினான். அவன் பெயரைப் போட முடியாது. அன்றைக்கு அவன் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தான், ரெக்கார்டு இருக்கிறது.

"மாமா, ஒரு கையெழுத்துதான மாமா."

"ம்."

"டெம்போ ஓட்டும்போது போலீசுக்கு நீங்க குடுத்ததே இல்லையா?"

"குடுத்துகீறேன்."

"அப்பறம் இன்னா மாமா?"

"அது காசு. இது பேரு."

"உங்க இஷ்டம் மாமா" என்று வைத்துவிட்டான்.

5

டோக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதழ் படிக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், ஒரு பித்தளை டோக்கன். கேஜ் இறங்குகிற குழியை ஷாஃப்ட் என்போம். அதன் வாயில் ஒரு பலகை, நிறைய ஆணி. இறங்கும்போது உன் டோக்கனை உன் ஆணியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மேலே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்து பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் ஒரு ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொடக் கூடாது. தொட்டால் வேலை போகும். ஆனாலும் தொட்டோம். கூட்டாளிக்குக் கூட்டாளி எடுத்துக் கொடுப்பதுதான். யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அன்றைக்குப் பகல் ஷிப்ட் முடிந்து கேஜுக்கு நின்றோம். ரத்தினம் டிபன் கேரியரை உள்ளே மறந்துவிட்டு வந்திருந்தான். கல்யாணச் சீர் கேரியர். பெண்டாட்டி கேட்பாள் என்றான்.

"நீ ஏறு தேவா. என் டோக்கனையும் எடுத்துடு. அடுத்த கேஜுல வந்துடறேன்."

மேலே வந்தேன். என் டோக்கனை எடுத்தேன். அவன் டோக்கனையும் எடுத்தேன். இரண்டையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பீடி பற்ற வைத்தபோது தரை குலுங்கியது. கீழே பாறை தானாக வெடித்தால் அப்படித்தான், பர்ஸ்ட் என்போம். லைன் வீடுகளில் பாத்திரம் விழும். பெண்கள் ஷாஃப்டைப் பார்த்து ஓடி வருவார்கள்.

கேஜை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் துரை வந்து பலகையைப் பார்த்தார். எங்கள் ஷிப்ட் ஆணி எல்லாம் காலி. கிளார்க் ஓடிவந்த பெண்களைப் பார்த்து, எல்லாரும் மேலே வந்தாச்சு, போங்க போங்க என்று கத்தினான். அழுதுகொண்டிருந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ரத்தினத்தின் பெண்டாட்டியும் இருந்தாள். புருஷன் கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறான் என்று தேடிக்கொண்டு போனாள்.

நான் நின்றேன். இப்போது வந்துவிடுவான் என்று நினைத்தேன். வேறு வழியில் ஏறி வந்திருப்பான் என்று நினைத்தேன். சொன்னால் வேலை போகும் என்றும் நினைத்தேன். அப்போது ஷீலா கைக்குழந்தை. பாக்கெட்டில் இரண்டு டோக்கனும் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அரை மணி நேரம் கழித்துச் சொன்னேன். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொன்னேன். அதையும் நம்பினார்கள்.

போய்த் தூக்கி வந்தார்கள். கேஜ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தான், கால் மேல் பாறை. கேரியர் கையில் இருந்தது. காலை எடுத்துவிட்டார்கள். அரை மணி முன்னால் போயிருந்தால் கால் இருந்திருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்றதால் எனக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்டோடு போயிற்று. ரத்தினம் மறுபடி இறங்கவே இல்லை, அதனால் அவன் டோக்கனை யாரும் கேட்கவில்லை. என்னிடமே இருந்துவிட்டது.

கார் சாவியில் தொங்குவது அதுதான். என் டோக்கன் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

6

மூன்றாம் நாள் ஷீலாவிடம் சொன்னேன்.

"என் பேரப் போட வேணாம்மா."

"ஏன்பா?"

காரணம் சொன்னால் அரை மணியையும் சொல்ல வேண்டும். "நா ஓட்டல" என்று மட்டும் சொன்னேன்.

"பெத்த பொண்ண விட ரூல்ஸ் பெரிசா போச்சி உங்களுக்கு." அழவில்லை. ஃபாரத்தை இழுத்து அங்கேயே தன் பெயரை எழுதினாள். எழுத்து பேப்பரைக் கிழிக்கிற மாதிரி இருந்தது.

ஆறு மாதம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஷிப்டை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள்.

"நா கொண்டு போய் விடறேன்" என்றேன்.

"நீங்களா? நாப்பது கிலோமீட்டர்பா. ஃப்ரீவே."

"விடறேன்."

காலையில் ஐந்து நாற்பதுக்குக் கிளம்புவோம். ஜெயராஜ் இல்லாத வாரங்களில் ரேச்சலை வீட்டில் விட முடியாது. யூனிபார்மை மாட்டி, போர்வை சுற்றி, பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போவோம். ஷீலாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து ரேச்சலுக்குத் தோசை சுட்டுக் கொடுத்து, பள்ளிக்கூடம். மத்தியானம் மறுபடி ஒருத்தியைக் கூட்டி வர வேண்டும், பிறகு இன்னொருத்தியை. ஒரு நாளைக்கு நூற்றெண்பது கிலோமீட்டர். டெம்போவில்கூட நான் அவ்வளவு ஓட்டினதில்லை. இடுப்பு விட்டுப்போனது.

ஃப்ரீவேயில் நூறு போகலாம். நான் எண்பதில் போனேன். லாரிகள் என்னைத் தாண்டிப் போயின. ஷீலா ஓட்டினால் முப்பது நிமிஷம். எனக்கு ஐம்பது. முதல் இரண்டு மாதம் அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஸ்டாப்பில் நின்று எண்ணும்போது அவள் வலது கால் தரையை அழுத்தும், அங்கே ஆக்சிலேட்டர் இருக்கிற மாதிரி. இறங்கும்போது, "வரேன்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு நாள் பள்ளிக்கூடம் போகும்போது ரேச்சல் கேட்டாள், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

"தாத்தா, அம்மா ஏன் உங்ககிட்ட டாக் பண்றதில்ல?"

"அம்மாவுக்கு டயர்டு."

"நோ. ஷீ இஸ் ஆங்ரி. பிகாஸ் ஷீ வென்ட் ஆன் ரெட்." பிறகு, "நா பாத்தேன்" என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் சுத்தத் தமிழ்.

"பாத்ததை வெச்சிக்கோ" என்றேன். வேறு என்ன சொல்வது?

7

நாலாவது மாதம். அந்த கேமரா சிக்னல் வழியாகத்தான் தினமும் போக வேண்டும். அன்றைக்கு சிவப்பு விழுந்தது. நீளமான சிவப்பு. விடிந்துகொண்டிருந்தது. ரேச்சல் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷீலாவின் காதில் ஒயர் இல்லை. கையை நீட்டிச் சாவியில் தொங்கிய டோக்கனைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க நம்பர் இதுவா? உங்க சர்வீஸ் சர்டிபிகேட்ல வேற நம்பர் இருந்துச்சே."

"என்னுது இல்ல."

"பின்ன?"

"ரத்தினம் மாமாவுது."

பச்சை விழுந்தது. ஓட்டிக்கொண்டே சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது. கேரியர், இரண்டு டோக்கன், காலி ஆணி, ரத்தினத்தின் பெண்டாட்டி கூட்டத்தில் தேடியது. அரை மணி நேரத்தையும் சொன்னேன். உன் ஃபாரத்தில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று தனியாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வந்தது. இறங்கினாள். கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"அந்த அரை மணி ரத்தினம் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னிக்கு வரிக்கும் சொல்லலியா?"

"இல்ல."

"என் ஃபாரத்துல நா என் பேரப் போட்டேன் இல்லப்பா?"

"போட்ட."

"உங்களுதுல நீங்க போடுங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பின்னால் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. எனக்கு உடனே வண்டியை எடுக்க வரவில்லை. வேன்காரன் ஹார்ன் அடித்தான். இந்த ஊரில் என்னைப் பார்த்து ஒருவன் ஹார்ன் அடித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

8

நாலு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் மத்தியானம், அங்கே காலை, ரத்தினத்துக்குப் போன் பண்ணினேன். அவன் மகன் பெங்களூர் ரயிலுக்குப் போய்விட்டிருந்தான். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"ரத்தினம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. லைசென்ஸ் புட்டுகிச்சா?"

"பர்ஸ்ட்டு ஆன அன்னிக்கு நா ஒடனே சொல்லல. அரை மணி நேரம் சும்மா நின்னேன். வேலை பூடும்னு பயம். ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய்."

ஸ்கூட்டரைத் துடைக்கிற சத்தம் நின்றது. எங்கேயோ குக்கர் விசில் கேட்டது. நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நிறைய வந்திருக்கும்.

"எம் பொண்டாட்டிக்குத் தெரியுமா இது?" என்று கேட்டான்.

"தெரியாது."

"அவ என்னத் தேடிகினு உங்கிட்ட வந்தாளாம். ரத்தினத்தப் பாத்தீங்களான்னு கேட்டாளாம். நீ பதில் சொல்லாம பீடிய கீழ போட்டுட்டியாம். அப்பவே சொன்னா. நாந்தான் போடி, அவனுக்கு இன்னா தெரியும்னேன்."

எனக்கு அது நினைவில்லை. அவள் என்னிடம் வந்ததே நினைவில்லை. இத்தனை வருஷத்தில் எதை மறந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மன்னிச்சிடு ரத்தினம்."

"கீழ கெடந்தவனுக்கு மணி தெரியாதுடா. அரை மணியும் ஒண்ணுதான், ஒரு நாளும் ஒண்ணுதான்." மறுபடி துடைத்துக்கொண்டே, "கோவம் கீது. இல்லன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்குத்தான வந்துகீது, கொஞ்ச நாளு இருக்கட்டும்" என்றான்.

"இருக்கட்டும்."

"அந்த டோக்கன் எங்க?"

"எங்கிட்டதான். கார் சாவில மாட்டிகீறேன். அனுப்பட்டுமா?"

"வாணாம். போர்டுல தொங்கனா ஆளு கீழன்னு அர்த்தம். பாக்கெட்டுல இருந்தா மேல வந்துட்டான்னு அர்த்தம். உங்கிட்டயே இருக்கட்டும்."

சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவனே பேசினான்.

"பொண்ணுக்கு லைசென்ஸ் எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு மாசம்."

"அது வரிக்கும் நீதான் கேஜா?"

"நாந்தான்."

"பெல்லு கேட்டுட்டு நவுரு" என்று வைத்துவிட்டான்.

பாஸ்டர், இதை அப்படியே போடுங்கள். ரத்தினத்திடம் கேட்டுவிட்டேன். அவன் பெண்டாட்டி இதழை எழுத்துக் கூட்டிப் படிப்பாளாம், அவளுக்காகப் பெரிய எழுத்தில் போடச் சொன்னான். கீழே என் சொந்தப் பெயரைப் போடுங்கள். இங்கே லைசென்சில் இருக்கிற பெயர் வேண்டாம்.

தேவநேசன்